காரணத்தின் ஜோடி

அந்த ஒரு பக்கக் கடிதத்தை நான் நான்கு முறை அடித்தேன்.

1980 மே மாதம். மதுரையில் சித்திரைத் திருவிழா முடிந்து, அழகர் மலைக்குத் திரும்பிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வைகைக்குள் போட்டிருந்த பந்தல் கால்களைப் பிடுங்கி மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிம்மக்கல்லில், மாவட்ட மைய நூலகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எனக்கு வேலை. இங்கிலீஷ் லோயர் பாஸ் செய்திருந்தேன். அதற்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை போதும். ஹையருக்கு 45 வேண்டும். காலை ஆறு மணி பேட்ச்சுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஏ, எஸ், டி, எஃப் சொல்லிக்கொடுப்பேன். மத்தியானம் ஜாப் டைப்பிங். ராத்திரி எல்லோரும் போனபின் ஹையருக்குப் பழகுவேன். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலம் என் கண்ணுக்கும் விரலுக்கும் பழகியிருந்தது, மனசுக்குப் பழகவில்லை.

அன்று மாடியேறி வந்தவர், யானைக்கல் போகிற வழியில் கூடை வைத்துப் பழம் விற்கிற ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். மஞ்சள் பைக்குள், பிளாஸ்டிக் தாள் சுற்றி, கோலாலம்பூரிலிருந்து வந்த கடிதம் ஒன்றை வைத்திருந்தார். அவருடைய கணவர் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் வாங்கியாக வேண்டும் என்று 1969இல் அங்கே கட்டாயமானபோது, திரும்பி வந்த பல்லாயிரம் தமிழர்களில் அவரும் ஒருவர். 1976இல் இறந்துவிட்டார். அவர் பேரில் அங்கே கொஞ்சம் சேமநிதிப் பணம் இருந்தது. அதைக் கேட்டு இந்த அம்மா மனுப் போட, அலுவலகம் இரண்டு கேள்வி கேட்டு எழுதியிருந்தது. இறப்புக்குக் காரணம் என்ன? மனுச் செய்ய இத்தனை ஆண்டு தாமதமானதற்குக் காரணம் என்ன?

கடிதத்தைப் படித்தேன். பொருள் புரிந்தது. மூலத்தாளுக்கு ஒன்று, நகலுக்கு இரண்டு என்று மூன்று தாள்களை நடுவில் கார்பன் வைத்து ரெமிங்டனில் சொருகினேன். டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டில் மஞ்சள்காமாலை என்று இருந்தது. அதை எழுதினேன். தாமதத்துக்கு, மனுக்களில் வழக்கமாகப் போடுகிற ‘தவிர்க்க முடியாத சூழ்நிலை’யைப் போட்டேன். பத்தே நிமிடத்தில் முடித்து, இன்ஸ்டிடியூட்டை நடத்திய மாஸ்டரிடம் நீட்டினேன்.

மாஸ்டர் ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் படித்தார். சிவப்புப் பென்சிலால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். மேலே நான் ‘ரீசன் ஆஃப் டெத்’ என்று அடித்திருந்தேன். கீழே ‘காஸ் ஃபார் தி டிலே’ என்று.

“தம்பி, ரெண்டுக்கும் ஜோடி மாறிப்போச்சு.”

“ரெண்டும் காரணம்தானே மாஸ்டர்?”

“தமிழ்ல காரணம். அவன் எப்படிக் கேட்டிருக்கான் பாரு.”

கோலாலம்பூர்க் கடிதத்தை என் முன்னால் விரித்து விரலை வைத்தார். ‘காஸ் ஆஃப் டெத்.’ அடுத்த வரியில், ‘ரீசன் ஃபார் தி டிலே.’ விடை கேள்விக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் படித்தவுடன் பொருளை மட்டும் எடுத்துத் தமிழாக்கி மனசில் வைத்துக்கொண்டு, வார்த்தைகளைக் கீழே விட்டுவிட்டேன். பிறகு அந்தத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போக நானாக ஒரு வழி போட்டேன். தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தில் இடறுகிற இடம் பெரும்பாலும் இதுதான் என்பது என் அனுபவம். இலக்கண விதி தெரியாமல் இடறுவது குறைவு. கண்ணெதிரே அச்சில் இருக்கிற வார்த்தையைப் பார்க்காமல் இடறுவதுதான் அதிகம்.

மாஸ்டர் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவர். ஊர்க்காரர்களுடைய கடிதங்களை அடித்து அடித்தே ஆங்கிலம் கற்றவர். அவர் சொன்னது இது:

“காஸுன்னா உடம்புல, உலகத்துல நடந்தது. நோய் வந்துச்சு, ஆள் போயிட்டாரு. அதுக்கு ஆஃப். ரீசன்னா ஒரு மனுசன் மனசுல வச்சு நடந்துக்கிறது. அதுக்கு ஃபார். சாவுக்கு ரீசன் கேக்க முடியாதுப்பா. லேட்டானதுக்குக் கேக்கலாம்.”

காஸுக்கும் ஃபார் வருகிற இடம் உண்டு என்றார். புகார் சொல்ல முகாந்திரம் இருக்கிறது, கவலைப்பட முகாந்திரம் இருக்கிறது என்கிறோமே, அந்தப் பொருளில் ‘காஸ் ஃபார்’ வரும். முகாந்திரம் என்ற சொல்லைக் கோர்ட்டுக் காகிதங்களில் பார்த்திருந்ததால் எனக்குச் சட்டென்று விளங்கியது. இரண்டாம் முறை அடித்தேன்.

அதையும் அவர் ஜன்னலோரம் கொண்டுபோனார். இந்த முறை வட்டம் போடவில்லை.

“ரீசன்னு போட்டுட்டு, கீழ தவிர்க்க முடியாத சூழ்நிலைன்னு எழுதியிருக்கியே. அந்தம்மாகிட்டக் கேட்டியா?”

கேட்கவில்லை. மாஸ்டர் பெஞ்சுக்குப் போய் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏந்தாயி, இம்புட்டு வருசம் ஏன் மனுப் போடல?”

அந்த அம்மா மஞ்சள் பையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். “அந்தத் துட்டை வாங்கணும்னா, அவுக இல்லைன்னு நான் கையெழுத்துப் போடணும்ல சாமி. அதுக்கு மனசு வரல. இப்ப சின்னவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. அதான் வந்தேன்.”

மாஸ்டர் எழுந்து வந்து அந்த வரியைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். கணவர் இறந்த துக்கத்தில் இந்த நான்கு ஆண்டுகளாக எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட என்னால் முடியவில்லை என்பது அதன் பொருள். துக்கத்துக்கு ‘கிரீஃப் அட் ஹிஸ் டெத்’ என்று போட்டிருந்தார். மூன்றாம் முறை அடித்தேன். கையெழுத்து வாங்கப் போகும்போது, “இரு தம்பி” என்று தாளை மறுபடி வாங்கினார். அட் சரிதானா, ஓவரா என்று அவருக்கே ஐயம் வந்துவிட்டது. “செத்த நேரம் உக்காந்திருங்க தாயி, இந்தா வந்துர்றோம்” என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு நடந்தார். ஒரு வார்த்தைக்காக இப்படி அலைகிற மனிதனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் வளர்ந்த தெருவில் ஆங்கிலப் புத்தகமே கிடையாது.

நூலகத்தின் குறிப்புதவிப் பகுதியில் ஹார்ன்பியின் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி இருந்தது. 1974இல் வந்த மூன்றாம் பதிப்பு. ஆங்கிலத்துக்கு எத்தனையோ அகராதிகள் இருக்க, மாஸ்டர் ஏன் அதைத் தேடிப் போனார் என்பது பிறகு விளங்கியது. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவருடைய அகராதி முதலில் வெளிவந்ததும் ஜப்பானில்தான், 1942இல். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவனுக்கு எது தெரியாது என்று யோசித்து யோசித்துச் செய்தது. தாய்மொழிக்காரனுக்கு ஒரு சொல்லின் பொருளைச் சொன்னால் போதும். நமக்கு அந்தச் சொல்லின் பின்னால் யார் வருவார்கள் என்றும் சொல்ல வேண்டும். அந்த அகராதியில் ஒரு சிறிய அலைக்குறி வரும். தலைச்சொல்லை மறுபடி எழுதுவதற்குப் பதிலாகப் போடுகிற குறி. அலைக்குறியை அடுத்து ஃபார், டு, இன் என்று எது நிற்கிறதோ அதுதான் அந்தச் சொல்லின் ஜோடி. “அகராதியில மொதல்ல இந்தப் பாம்பைத் தேடு, அப்புறம் அர்த்தம் பாரு” என்பார் மாஸ்டர்.

துக்கத்துக்கு அதில் அட், ஓவர் இரண்டுமே இருந்தன. இரண்டும் சரி என்றால் எதைப் போடுவது? நூலகத்துப் படிக்கட்டில் நின்று மாஸ்டர் யோசித்துச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “அட்டுன்னா செய்தி வந்து அடிச்ச நேரம். ஓவர்னா அதுக்கு மேலயே குனிஞ்சு உக்காந்திருக்கிறது. இந்தம்மா நாலு வருசம் உக்காந்திருந்திருக்கு.”

திரும்பி வந்து நான்காம் முறை அடித்தேன். ‘கிரீஃப் ஓவர் ஹிஸ் டெத்.’

இந்த நிகழ்ச்சியைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அத்தனை நுணுக்கம் கோலாலம்பூர் குமாஸ்தாவுக்குத் தேவையா என்று சிலர் கேட்டார்கள். அட் என்று போட்டிருந்தாலும் அவர் பணத்தை நிறுத்தியிருக்கப் போவதில்லை. ஆனால் கடிதம் அந்த அம்மாவுடையது. அவருக்குத் தெரியாத மொழியில், அவர் பேரில், அவர் மனசைச் சொல்லும் கடிதம். அதில் தப்பு இருந்தால் அவரால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் நாம் கண்டுபிடித்தாக வேண்டும் என்று மாஸ்டர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தமிழில் இந்தச் சிக்கல் எப்படித் தீர்ந்திருக்கிறது என்று அன்று இரவு யோசித்தேன். ‘கணவர் இறந்த துக்கம்.’ அவ்வளவுதான். இறந்த என்கிற பெயரெச்சம் துக்கத்தின் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. இறப்பால் வந்த துக்கமா, இறப்பைப் பற்றிய துக்கமா, இறப்பின் மேல் கவிந்த துக்கமா என்று யாரும் கேட்பதில்லை. வராத காரணம், போன செய்தி, கொடுத்த வாக்கு, படித்த களைப்பு. இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கிற உறவைத் தமிழ் வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்கிறவர் புரிந்துகொள்வார் என்று விட்டுவிடுகிறது. ஆங்கிலம் அந்த உறவுக்குப் பெயர் சொல்லு என்கிறது. நமக்குப் பழக்கமில்லாத கேள்வி அது. ஆகவே நாம் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மாஸ்டரிடம் ஒரு நோட்டு இருந்தது. மளிகைக் கடையில் வைத்திருப்பார்களே, நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு. இடது பக்கம் கறுப்பு மையில் பெயர்ச்சொல், வலது பக்கம் சிவப்பு மையில் ஜோடி, அதன் கீழே அந்தச் சொல்லை எங்கே பார்த்தார் என்ற குறிப்பு. தேதியோடு இந்து நாளிதழ், தேதியோடு வக்கீல் நோட்டீஸ், ஒரு கப்பல் கம்பெனிக் கடிதம், ஒரு மருந்துச் சீட்டு. பார்க்காத எதையும் அவர் நோட்டில் ஏற்றியதில்லை. நான் சேர்ந்தபோது அது பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

அதில் என்னை மிகவும் ஈர்த்த பக்கம் ஒன்று உண்டு. தலைப்பில் தமிழில் ‘மேல்’ என்று எழுதிக் கோடு போட்டிருந்தார். சிம்மக்கல்லுக்கு மனு எழுத வருகிறவர்கள் எல்லோரும் எதையாவது யார் மேலாவது வைத்திருப்பார்கள். பிள்ளை மேல் பாசம், மீனாட்சி மேல் பக்தி, பங்காளி மேல் சந்தேகம், அதிகாரி மேல் புகார், மருமகன் மேல் நம்பிக்கை, முதலாளி மேல் கோபம். தமிழில் ஒரே மேல். ஆங்கிலத்தில் பாசத்துக்கு ஃபார், பக்திக்கு டு, சந்தேகத்துக்கு ஆஃப், புகாருக்கு அகெய்ன்ஸ்ட், நம்பிக்கைக்கு இன், கோபத்துக்கு அட் அல்லது வித். ஆறு சொல்லுக்கு ஆறு வழி. அந்தப் புகாரிலேயே, ஆள் மேல் சொன்னால் அகெய்ன்ஸ்ட். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால் அபௌட். மேல் என்றால் ஆன் என்று பள்ளியில் படித்துவிட்டு வந்தவன் இந்த ஆறிலும் ஆன் போடுவான். நானும் போட்டிருக்கிறேன்.

இன்னொரு பக்கத்தின் தலைப்பு ‘கு’. இது மேலைவிடப் பெரிய கூட்டம். காய்ச்சலுக்கு மருந்து என்றால் ஃபார். கேள்விக்குப் பதில், பூட்டுக்குச் சாவி, கல்யாணத்துக்கு அழைப்பு என்றால் டு. மதுரைக்கு வடக்கே என்றால் ஆஃப். காரணமோ இரண்டாகப் பிரிந்து, ஒன்று ஆஃப் பக்கமும் ஒன்று ஃபார் பக்கமும் போய்விடும்.

இதை ஆங்கிலத்தின் கோணல் என்று நான் வெகு நாள் நினைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் தமிழ்ச் சங்கம் சாலையில், பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய தமிழ்ச் சங்கத்தில் நடந்த ஒரு வகுப்பில் உட்கார்ந்து நன்னூல் பாடம் கேட்டேன். நான்காம் வேற்றுமையான கு என்னும் உருபுக்குப் பவணந்தி முனிவர் ஏழு பொருள் சொல்கிறார்: கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை. நேர்ச்சி என்பது நட்பு. இரவலனுக்குக் கொடுத்தான் என்பது கொடை. கூலிக்கு வேலை செய்தான் என்பது பொருட்டு. சாத்தனுக்கு மகன் என்பது முறை. அங்கேயே உட்கார்ந்து மனசுக்குள் ஆங்கிலமாக்கிப் பார்த்தேன். கொடை என்றால் டு, பொருட்டு என்றால் ஃபார், முறை என்றால் ஆஃப். மாஸ்டர் கணக்கு நோட்டில் சிவப்பு மையில் பிரித்துவைத்ததை, 13ஆம் நூற்றாண்டில் ஒருவர் தமிழுக்குள்ளேயே பிரித்துவைத்திருந்தார். நாம் ஒரே உருபைச் சொல்கிறோம், ஆனால் ஏழு உறவைச் சொல்கிறோம். அந்த வகுப்பை நடத்திய புலவர், ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் 28 உருபு சொல்கிறது என்று தொடர்ந்தார். கண், கால், கடை, இடை, தலை, வாய் என்று பட்டியல் நீண்டது. சில உடம்பின் உறுப்புகள், சில திசைகள். 28 இட உருபு வைத்திருந்த மொழிக்காரன், இன், ஆன், அட் மூன்றைக் கண்டு அஞ்ச வேண்டுமா?

ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் சொல்லின் கடைசியில் உருபு ஒட்டி வேற்றுமை காட்டியது. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் வேற்றுமைக்குத் தக்கபடி முடிவு மாறும். சில நூற்றாண்டுகளில் அந்த முடிவுகள் தேய்ந்து உதிர்ந்தன. உதிர்ந்த உருபுகளின் வேலையை முன்னால் நின்ற சின்னச் சொற்கள் எடுத்துக்கொண்டன. அந்தச் சின்னச் சொற்களின் பழைய பொருள் இடமும் திசையும்தான். மேலே, உள்ளே, அருகே, நோக்கி. இடம் காட்டிய சொற்களை அன்புக்கும் அச்சத்துக்கும் காரணத்துக்கும் இழுத்துப் பயன்படுத்தியதில், எது எதோடு போகும் என்பது பழக்கத்தால் நிலைத்துவிட்டது.

நான் படித்த பள்ளியில் இந்தச் சொற்களை இடமாக மட்டுமே காட்டினார்கள். 1950களில் மெட்ராஸ் மாநிலப் பள்ளிகளுக்கு வந்த அமைப்பு முறைப் பாடத்திட்டத்தின் வழி அது. வாத்தியார் மேசை மேல் புத்தகத்தை வைப்பார், தி புக் இஸ் ஆன் தி டேபிள் என்போம். பெட்டிக்குள் பென்சிலைப் போடுவார், இன் தி பாக்ஸ் என்போம். கண்ணால் பார்த்துக் கற்றது என்பதால் அது இன்னும் மறக்கவில்லை. அந்த முறையை நான் மதிக்கிறேன். ஆனால் பென்சில் பெட்டிக்குள் இருப்பதைக் காட்டலாம், ஆர்வம் எதற்குள் இருக்கிறது என்று எந்தப் பெட்டியைத் திறந்து காட்டுவது? பெயர்ச்சொல்லுக்கு அடுத்து வருகிற துணையை அந்த வகுப்பு தொடவே இல்லை.

மாஸ்டர் மேசையில் அட்டை போன ரென் அண்டு மார்ட்டின் ஒன்று கிடந்தது. 1930களில் வந்து இன்றும் அச்சாகிற ஆங்கில இலக்கணப் புத்தகம். அதை எழுதிய இருவரில் பி. சி. ரென், பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். ‘போ ஜெஸ்ட்’ என்ற பேர்பெற்ற நாவலை 1924இல் எழுதியவரும் அவரே. இலக்கணப் புத்தகத்தில் ஃபார் ஏற்கும் பெயர்ச்சொற்கள், வித் ஏற்பவை, டு ஏற்பவை என்று பட்டியல்கள் உண்டு. ஃபார் பட்டியலில் பாசம், பசி, ஆசை, தேவை, இரக்கம், வருத்தம் எல்லாம் இருக்கும். ஏதோ ஒன்றை நோக்கி மனசு கை நீட்டுகிற சொற்கள் இவை. டு பட்டியலில் எதிர்ப்பு, தடை, மறுப்பு, பணிவு. ஒன்றின் எதிரே போய் நிற்கிற சொற்கள். இந்த ஒற்றுமையை நூல் சொல்லவில்லை. பட்டியலைத் திரும்பத் திரும்ப அடித்துப் பழகிய எனக்கு விரலில் தட்டுப்பட்டது. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. ஆனால் பாதிக்குப் பொருந்தினாலும் பாதிப் பாரம் குறைகிறது.

மாஸ்டர் சொல்லித்தந்தவற்றில் எனக்கு மிக உதவியது வேறொன்று. ஆங்கிலத்தில் ஒரு சொல், அப்படியேயோ சற்றே மாறியோ, வினையாகவும் பெயராகவும் வரும். வினையாக வரும்போது பல வேளை செயப்படுபொருளை நேராகப் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஆள் வேண்டாம். பெயராக வரும்போது அதற்கு அந்தப் பலம் இல்லை, ஒரு துணை வேண்டும். ரிக்வெஸ்ட் என்பதைப் பெயராக எழுதினால் ஃபார் வேண்டும், வினையாக எழுதினால் கூடாது. டிஸ்கஷனுக்கு அபௌட் வரலாம், டிஸ்கஸுக்கு வரக் கூடாது. ரிசம்பிளன்ஸுக்கு டு, ரிசம்பிளுக்கு ஒன்றும் இல்லை. நம் அலுவலகங்களில் ‘ரிக்வெஸ்டட் ஃபார்’ என்றும் ‘டிஸ்கஸ்டு அபௌட்’ என்றும் எழுதுகிறார்களே, அது பெயரின் துணையை வினையோடு சேர்த்துவைப்பதால் வருவது. “பேர்ச்சொல்லு கைத்தடி வச்சு நடக்கும், வினைச்சொல்லு வெறுங்கையோட நடக்கும்” என்பார் மாஸ்டர். இதைச் சொல்லித் தந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரிகிறது. என் மகளுக்கு அப்படித்தான் சொல்லித் தந்தேன்.

அரசு வேலைக்கு அறிவிப்பு வந்துவிட்டால் மாடிப்படி வரை கூட்டம் நிற்கும். ‘அப்ளிகேஷன் ஃபார் தி போஸ்ட் ஆஃப்’ என்கிற வரியை நான் எத்தனை ஆயிரம் முறை அடித்தேன் என்று கணக்கில்லை. விண்ணப்பத்துக்கு ஃபார், பதவிக்கு ஆஃப், அனுபவத்துக்கு இன், அறிவுக்கு ஆஃப், காலியிடத்துக்கு இன். அரைப் பக்க விண்ணப்பத்தில் ஐந்து ஜோடி. மூன்று வருடத்தில் அவை என் விரலுக்குள் போய்விட்டன. ஜோடி மாறினால் விரல் நின்றுவிடும், மூளை பிறகுதான் விழிக்கும்.

1983இல் வங்கியில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே சேர்ந்த முதல் வாரமே இன்ட்ரஸ்ட் என்ற சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. அதுவரை எனக்கு அந்தச் சொல் ஆர்வம், ஜோடி இன். வங்கியில் அது வட்டி, ஜோடி ஆன். ஒரு சொத்தில் ஒருவருக்குப் பாத்தியம் இருந்தால் மறுபடி இன். ஒருவர் நலன் கருதி என்றால் முன்னால் ஓர் இன்னும் பின்னால் ஓர் ஆஃபும். சொல் ஒன்றுதான், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத்தான் அது வட்டியா ஆர்வமா என்று தெரிகிறது. சின்னச் சொல்தானே, மாறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

வங்கியிலிருந்தபோது ஒரு நாள் பி.பி.ஐ. காம்பினேட்டரி டிக்ஷனரி என்ற அகராதி கையில் கிடைத்தது. பென்சன் தம்பதியும் இல்சனும் சேர்ந்து தொகுத்து 1986இல் வந்தது. பொருள் சொல்லாமல் சேர்க்கையை மட்டும் சொல்கிற அகராதி. அதன் முன்னுரையில் இலக்கணச் சேர்க்கைகளை எட்டு வகையாகப் பிரித்திருந்தார்கள். முதல் வகையே பெயர்ச்சொல்லும் அதன் பின்வரும் முன்னிடைச்சொல்லும்தான். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதை எடுத்துக்கொண்டு சிம்மக்கல்லுக்குப் போனேன். மாஸ்டர் அரை நாள் அதை விட்டு எழவில்லை. தன் நோட்டில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாக அதில் சரிபார்த்தார். பெரும்பாலும் பொருந்தியது. “நம்ம வேலையைத்தான் இவங்களும் பார்த்திருக்காங்க” என்றார். அவர் முகத்தில் அன்று இருந்த நிறைவை நான் வேறு எந்த நாளிலும் பார்க்கவில்லை.

இப்போது அந்த மாடியில் இன்ஸ்டிடியூட் இல்லை. கம்ப்யூட்டர் தவறைத் தானே திருத்துகிறது, முழுக் கடிதத்தையும் தானே எழுதியும் தருகிறது. நல்லதுதான். ஆனால் ‘ரீசன்’ என்று போட்டால் ‘ஃபார்’ என்று முடித்துத் தருகிற எந்திரம், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் போய் ஏன் இத்தனை வருசம் என்று கேட்காது. அதை நாம்தான் கேட்க வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். பிள்ளைகளிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். செய்தித்தாளிலோ பாடத்திலோ ஒரு பெயர்ச்சொல்லைப் பார்த்தால், அதன் பக்கத்தில் நிற்பவரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எங்கே பார்த்தோம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு சொல் போதும்.

அந்தப் பழக்கார அம்மா 1981 தை மாதம் மறுபடி மாடியேறி வந்தார். இன்னொரு கடிதம் அடிக்க வேண்டும் என்றார். டிராப்ட் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொள்ளும் கடிதம். ரசீதுச் சீட்டு என்றால் ரெசீட் ஃபார், பெற்றுக்கொண்ட செயல் என்றால் ரெசீட் ஆஃப் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரே முறை அடித்தேன். மாஸ்டர் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, பென்சிலை எடுக்காமலே கையெழுத்துக்குக் கொடுத்தார்.

மாஸ்டர் 1994இல் காலமானார். நோட்டு என்னிடம் இருக்கிறது. துக்கத்துக்கான வரியில், இடது பக்கம் கறுப்பு மையில் கிரீஃப் என்றும், வலது பக்கம் சிவப்பு மையில் அட், ஓவர் என்றும் எழுதி, ஓவரின் கீழே கோடு போட்டிருக்கிறார். எங்கே பார்த்தது என்ற இடத்தில் அகராதியின் பெயர் இல்லை. ‘8.5.80, பழக்கார அம்மா’ என்று இருக்கிறது.